அறுந்த இழையும் நிற்கும் தறியும்

தறியின் பாவு இழை ஒவ்வொன்றும் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தாங்கி நிற்கிறது. இழை இறுக்கமாக இருக்கும்வரை தகடு உயரத்திலேயே தொங்கும். இழை அறுந்தால் கீழே விழும். விழுந்த தகடு, அடியில் ஆடிக்கொண்டிருக்கும் சட்டத்தின் வழியை மறிக்கும். சட்டம் தடைபட்டதும் விசை விலகும், தறி நிற்கும். கணினி இல்லை, மின்கண் இல்லை. புவியீர்ப்பே காவலாளி.

பழைய விசைத்தறிக்கு இந்த அறிவு கிடையாது. இழை அறுந்தாலும் அது நெய்துகொண்டே போகும். ஆள் கண்ணில் படும்வரை முழக்கணக்கில் பழுதுத் துணி சுருண்டுகொண்டிருக்கும். அதனால் தறிக்கு ஓர் ஆள் காவலாக நிற்க வேண்டியிருந்தது. இன்றைய சிசுவோகா மாநிலப் பகுதியில் 1867இல் தச்சர் மகனாகப் பிறந்த சக்கிச்சி தொயோதா, இந்தக் காவல் வேலையைப் பொறியிடமே ஒப்படைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். 1924இல் நிறைவுற்ற அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறி, ஓட்டம் குறையாமலேயே நாடாவை மாற்றிக்கொண்டது; பாவோ ஊடையோ அறுந்தால் தானே நின்றது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் நெசவுப் பொறி செய்வதில் பேர்பெற்றிருந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் இதன் காப்புரிமையை விலைகொடுத்து வாங்கியது. சக்கிச்சியின் மகன் கீச்சிரோ மகிழுந்து ஆக்கத்தில் இறங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது.

தானியக்கம் என்பதற்கு ஜப்பானியர் எழுதும் சொல்லில், ‘அசைவு’ என்னும் எழுத்தோடு ‘ஆள்’ என்னும் உறுப்பைச் சேர்த்து டொயோட்டாவினர் தமக்கென ஒரு சொல் ஆக்கிக்கொண்டனர். ஒலிப்பு மாறவில்லை, பொருள் மாறியது. தானே ஓடும் பொறி ஒன்று. பிழை கண்டால் ஆளைப்போலத் தானே நிற்கும் பொறி மற்றொன்று. நெருக்கடியில் ஒரு நிறுவனத்தை நடத்துவது எப்படி என்னும் கேள்விக்கு இந்த ஓர் எழுத்து உறுப்பிலிருந்து விடை தேடலாம் என்று நான் கருதுகிறேன். திரும்பிப் பார்த்தல், ஓயாத மேம்பாடு என்று மேலாண்மை நூல்கள் போற்றும் இரண்டும் நிற்கத் தெரிந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

டொயோட்டாவின் முதல் பெருநெருக்கடி 1949இல் வந்தது. போருக்குப் பிந்தைய பணவீக்கத்தை அடக்க அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வகுத்த கடும் நிதிக்கொள்கை அவ்வாண்டு ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. டாலருக்கு 360 யென் என நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. கடன் வறண்டது. சரக்குந்துகள் விற்றும் பணம் கைக்கு வந்து சேரவில்லை. ஜப்பான் வங்கியின் நகோயா கிளை தலையிட்டு, வங்கிகளைக் கூட்டிக் கடன் ஏற்பாடு செய்தது. விற்பனைப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிக்க வேண்டும், விற்கும் அளவுக்கு மேல் ஆக்கக் கூடாது, ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பவை அதற்கு விதித்த கட்டுப்பாடுகள்.

1950 ஏப்ரலில் தொழிலாளர் போராட்டம் வெடித்தது. 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. முடிவில் 2,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஆட்குறைப்பைத் தவிர்க்கவே விரும்பியிருந்த கீச்சிரோ பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு சூன் 25ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்கப் படை சரக்குந்துகளை ஆயிரக்கணக்கில் கேட்டது. நிறுவனம் மூச்சு விட்டது. கீச்சிரோவோ மீண்டும் தலைமையேற்கும் முன்பே 1952 மார்ச்சில் மறைந்தார்.

இந்த இடத்தைப் பலர் மழுப்பிவிட்டுப் போகிறார்கள். டொயோட்டாவை அன்று காத்தது மேம்பாட்டு நெறி என்று எழுதுவது பொய். காத்தது வங்கிக் கடனும், அடுத்த நாட்டில் நடந்த போரும். ஆனால் நற்பேறு வந்த பிறகு அந்நிறுவனம் என்ன செய்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ‘விற்கும் அளவுக்கு மேல் ஆக்காதே’ என்று கடன் கொடுத்தவர் போட்ட கட்டளையைக் கடன் அடைந்ததும் அது தூக்கி எறியவில்லை. அதையே தன் ஆக்கமுறையின் அடித்தளமாக்கிக்கொண்டது. 1950இல் அமெரிக்கா சென்று ஃபோர்டு தொழிலகத்தைப் பார்த்த, கீச்சிரோவின் குடும்பத்தவரான எய்ஜி தொயோதா அங்கிருந்து பெருமளவு ஆக்கத்தை அப்படியே கொண்டுவரவில்லை. தொழிலாளரிடமிருந்து கருத்துக் கேட்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1951இல் அது டொயோட்டாவில் தொடங்கியது.

அதே 1950ஆம் ஆண்டு கோடையில் எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பில் தோக்கியோ வந்தார். எட்டு நாள் வகுப்பு எடுத்தார். அவர் கொண்டுவந்த அறிவு அவருடைய ஆசான் வால்ட்டர் ஷூவார்ட் 1924 மே மாதத்தில் ஒற்றைத் தாளில் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடத்தில் இருந்து கிளைத்தது. நெருக்கடிக் காலத் தலைமைக்கு இதைவிடப் பயன்படும் கருவி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இங்குச் சற்று நிற்போம்.

எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் அளவு மாறும். கடைசல் பொறி கடையும் தண்டின் விட்டம் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபடும். வெப்பம், உளியின் தேய்மானம், எஃகின் தன்மை, கையின் அழுத்தம் எனச் சிறு காரணங்கள் பல ஒன்றுகூடி இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவை அமைப்புக்குள்ளேயே உறைந்தவை. இவற்றைப் பொதுக் காரணங்கள் என்பர். திடீரென உளி முறிந்தாலோ மாற்று எஃகு வந்துவிட்டாலோ அளவு வேறு வகையில் தாவும். இது சிறப்புக் காரணம். இரண்டையும் பிரித்தறிய ஷூவார்ட் எளிய வழி சொன்னார். அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாக இடுக. சராசரியில் ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு கோடுகள். புள்ளி உள்ளே ஆடினால் அது அமைப்பின் இயல்பான மூச்சு. கோட்டைத் தாண்டினால் ஏதோ நேர்ந்திருக்கிறது, போய்ப் பார். மணிவடிவப் பரவலில், ஒன்றுமே நேராதபோது புள்ளி இக்கோடுகளைத் தாண்டும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றுதான்.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? டெமிங் ஒரு புனலும் ஒரு கோலிக்குண்டும் கொண்டு காட்டுவார். மேசைமேல் குறி ஒன்று. அதற்கு நேர்மேலே புனலைப் பொருத்திக் குண்டைப் போட்டால், குண்டு குறிக்கு அருகே சிதறி விழும். புனலை அசைக்காமல் ஐம்பது முறை போட்டால் ஒரு சிறு வட்டம் கிடைக்கும். இப்போது அக்கறையுள்ள மேலாளர் ஒருவர் வருகிறார். குண்டு வலப்புறம் இரண்டு விரற்கடை விலகினால், அவர் புனலை இடப்புறம் இரண்டு விரற்கடை நகர்த்துகிறார். ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். ஐம்பது முறைக்குப் பின் பார்த்தால் சிதறல் குறையவில்லை, கூடியிருக்கிறது. கணக்குப்படி அதன் விலக்க வர்க்கச் சராசரி இரண்டு மடங்கு ஆகிவிடும். இவ்வளவும் அவர் சும்மா இருந்திருந்தால் நேர்ந்திராது.

நெருக்கடியில் சிக்கிய நிறுவனத்தின் தலைமை அறையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். திங்கள்கிழமை விற்பனை சரிந்தால் ஒரு கூட்டம். வியாழக்கிழமை ஏறினால் பாராட்டு மடல். மறுவாரம் இறங்கினால் ஆளை மாற்று. புனல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுறுசுறுப்பாகத் தெரிவதால் எவரும் அதைத் தவறு என்பதில்லை.

டெமிங்கின் வகுப்பிலிருந்து ஜப்பானியர் வடித்தெடுத்ததே திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்னும் நான்கு படிச் சுழல். இதன் மூன்றாம் படியைத்தான் நாம் திரும்பிப் பார்த்தல் என்கிறோம். பலரும் இதை ஓர் உளநிலையாக எண்ணிக்கொள்கிறார்கள்: மாலையில் அமைதியாக அமர்ந்து நடந்ததை அசைபோடுவதாக. அறிவியல் நோக்கில் இது ஓர் ஒப்பீடு. ஒப்பிட இரண்டு பொருள் வேண்டும். என்ன நடக்கும் என்று முன்கூட்டி எழுதிவைத்தது ஒன்று. என்ன நடந்தது என்று அளந்தது மற்றொன்று. முதலாவது இல்லாவிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே வழியில்லை. முடிவு தெரிந்தபின் அதை முன்பே எதிர்பார்த்ததாக நம் மனம் கதை கட்டிக்கொள்ளும் என்பதை பரூக் ஃபிஷ்ஷாஃப் 1975இல் ஆய்வுவழி காட்டினார். நடந்து முடிந்தபின் ‘அப்போதே நினைத்தேன்’ என்பவர் பொய் சொல்வதில்லை. அவருடைய நினைவு அவரையே ஏமாற்றுகிறது. இதற்கு மருந்து காகிதம். டொயோட்டாவில் சிக்கல் ஒன்றை முன்வைக்க வேண்டுமானால் ஏ3 அளவுத் தாள் ஒன்றே ஒன்று. இன்றைய நிலை, இலக்கு, காரணம், செய்யப்போவது, எதிர்பார்க்கும் பயன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தாளின் அளவு எழுதுபவரைக் கட்டுப்படுத்தும். அதில் எழுதிய எதிர்பார்ப்பு பின்னர் அவரையே கேள்வி கேட்கும்.

ஜப்பானிய மொழியில் திரும்பிப் பார்த்தலுக்கு ‘ஹன்செய்’ என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்றுத்தரப்படும் பழக்கம் அது. தவறு செய்த பிள்ளையிடம் ‘மன்னிப்புக் கேள்’ என்பதற்கு முன் ‘ஹன்செய் செய்’ என்பார்கள். டொயோட்டாவில் ஒரு வேலைத்திட்டம் வெற்றியாக முடிந்தாலும் ஹன்செய்க் கூட்டம் உண்டு. வெற்றியில் எதைத் திரும்பிப் பார்ப்பது என்று நமக்குத் தோன்றலாம். எதிர்பார்த்ததற்கு மேலாக வென்றிருந்தால் அதுவும் கணிப்புப் பிழைதானே.

தைச்சி ஓனோ என்பவர் பெயரைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1950களில் டொயோட்டாவின் பொறிப்பட்டறைத் தலைவராக இருந்தவர். கடுமையானவர். இளம் பொறியாளரைப் பட்டறைக்குள் அழைத்துச் சென்று, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைந்து அதற்குள் நிற்கவைத்துவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் நின்று பார்க்க வேண்டும். திரும்பிவந்து, ‘என்ன பார்த்தாய்?’ என்பார். பொதுவாகச் சொன்னால் இன்னும் நிற்க வேண்டியதுதான். அறையில் உட்கார்ந்து அறிக்கை படிக்கும் மேலாளர் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையின் அளவு அந்த வட்டத்தில் தெரிகிறது.

‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் அவருடைய பழக்கம் புகழ்பெற்றது. அதற்கு அவரே காட்டும் எடுத்துக்காட்டு இது. பொறி நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி மின்காப்பிழை எரிந்தது. சுமை ஏன் கூடியது? தாங்குருளையில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் ஏற்றும் இறைப்பான் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி பொருத்தப்படாததால் உலோகத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதற் கேள்வியோடு நின்றவர் காப்பிழையை மாற்றிவிட்டுப் போயிருப்பார். சில வாரங்களில் மறுபடியும் எரியும். ஐந்தாவது வரை போனவர் ஒரு வடிகட்டியை மாட்டுகிறார். விடைகளில் ஓரிடத்திலும் ஆளின் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘யார்’ என்று கேட்டிருந்தால் இரண்டாம் படியிலேயே உரையாடல் முடிந்திருக்கும், ஒருவரைப் பணிநீக்கம் செய்து.

ஓயாத மேம்பாட்டின் வலிமை சிறுமையில் இருக்கிறது. வடிவத்தகடுகளை அழுத்தி உருவாக்கும் 1,000 டன் அழுத்தப் பொறியில் அச்சு மாற்ற 1969இல் டொயோட்டாவில் நான்கு மணி நேரம் ஆனது. ஷிகெயோ ஷிங்கோ என்னும் பொறியாளர் அதைக் கையிலெடுத்தார். பொறி நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியவை எவை, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியவை எவை என வேலைகளை இரண்டாகப் பிரித்தார். அடுத்த அச்சைத் தூக்கிவந்து பக்கத்தில் வைப்பதற்குப் பொறி ஏன் நிற்க வேண்டும்? கடைசி ஒரு திருகில் மட்டும் பிடி இறுகும் மரையாணியை முப்பது சுற்றுச் சுற்றுவானேன்? ஆறு திங்களில் நேரம் ஒன்றரை மணியாயிற்று. அடுத்த சில திங்களில் மூன்று நிமிடம். புதுப்பொறி எதுவும் வாங்கப்படவில்லை. அச்சு விரைவாக மாறியதும் சிறு சிறு தொகுதிகளாக ஆக்க முடிந்தது. இருப்பு குறைந்தது. இருப்பு குறைந்தால் பிழை ஒளிய இடமில்லாமற் போகும்; பத்தாயிரம் பழுது உறுப்புகள் கிடங்கில் சேர்ந்தபின் தெரிவதற்குப் பதிலாக, பத்தாவது உறுப்பிலேயே தெரிந்துவிடும்.

இருப்பே இல்லாத நிறுவனம் தீப்பற்றினால் என்ன செய்யும்? 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை, விடிவதற்கு முன் கரியா நகரிலிருந்த அய்சின் செய்கி நிறுவனத்தின் தொழிலகம் எரிந்தது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் ‘பி வால்வு’ அங்குதான் செய்யப்பட்டது. கையடக்கமான, விலை குறைந்த உறுப்பு; ஆனால் நுண்ணிய துளைகளைத் துல்லியமாக இட வேண்டியது. டொயோட்டாவுக்கு வேண்டியதில் ஏறத்தாழ முழுவதையும் அந்த ஒரே இடம் கொடுத்துவந்தது. டொயோட்டாவின் கையில் ஒரு நாள் ஓட்டத்துக்குக்கூட இருப்பில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறிகள் கருகிவிட்டன. இரண்டு மூன்று நாளில் பொருத்து வரிசைகளில் பெரும்பாலானவை நின்றன.

அய்சின் அன்று காலையிலேயே தொலைபேசிகளைப் பெருக்கி நெருக்கடி அறை ஒன்றை அமைத்தது. வால்வின் வரைபடங்களைக் கேட்டவர் எவருக்கும் கொடுத்தது. எப்படிச் செய்வது என்று கட்டளை இடவில்லை. சிறப்புப் பொறிகள் எரிந்துவிட்டதால் பழைய வழியில் செய்யவும் முடியாது. தத்தம் பட்டறையில் உள்ள பொதுப் பொறிகளைக் கொண்டு எப்படி முடியுமோ அப்படிச் செய்யுங்கள் என்றது. ஏறத்தாழ 200 நிறுவனங்கள் உதவிக்கு வந்தன; 62 நிறுவனங்கள் வால்வு ஆக்கத்திலேயே இறங்கின. மகிழுந்து உறுப்பையே செய்தறியாத, தையற்பொறிக்குப் பேர்பெற்ற பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. தீ நிகழ்ந்த சில நாட்களிலேயே முதல் ஆயிரம் வால்வுகள் வந்து சேர்ந்தன. கொடுத்தது கியோரித்சு சங்கியோ என்னும் சிறு நிறுவனம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆக்கம் இயல்புக்குத் திரும்பியது. எவரும் முதலில் விலை பேசவில்லை. பின்னர் டொயோட்டாவே முன்வந்து பங்காளிகளுக்கு ஈடு கொடுத்தது.

இதைத் தோழமை உணர்வு என்று மட்டும் விளக்கிவிட்டால் அறிவியல் நழுவிவிடும். அந்த 62 பட்டறைகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவர்கள் அதற்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அச்சு மாற்றும் நேரத்தைக் குறைக்கவும், ஐந்து முறை ‘ஏன்’ கேட்கவும் பழகியவர்கள். சிக்கலை வரையறுப்பது, செய்து பார்ப்பது, அளப்பது, திருத்துவது என்னும் சுழல் அவர்கள் எல்லாருக்கும் பொது மொழியாக இருந்தது. தலைமையகத்தின் ஆணைக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய சிக்கலை மையத்தில் உட்கார்ந்து ஒரு மூளை தீர்த்திருக்க முடியாது. ஒரே முறையில் பழகிய ஆயிரம் மூளைகள் தனித்தனியே தீர்த்தன.

தீ அணைந்த பிறகு, இருப்பே வைக்காத முறை தோற்றது என்று பலர் எழுதினர். டொயோட்டா அந்த முறையைக் கைவிடவில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் அதையே திருத்தியது. அதுவரை தன் வழங்குநர் அமைப்பை ஒரு கூம்பாக அது எண்ணியிருந்தது: மேலே சிலர், கீழே போகப் போகப் பலர். நடுக்கத்துக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கணக்கான உறுப்புகள் கிடைக்கவில்லை. அடியாழத்தில் கூம்பு விரியவில்லை, குறுகியிருந்தது. வெவ்வேறு பெயரில் பலரிடம் வாங்கிய உறுப்புகளுக்குள் இருந்த சில்லு ஒரே இடத்திலிருந்து, இபராகி மாநிலத்தில் நடுக்கத்தால் முடங்கிய ரெனசாஸ் நிறுவனத்தின் நகா தொழிலகத்திலிருந்து வந்திருந்தது. இயல்புக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு திங்கள் ஆயின.

அதற்குப் பின் வழங்குநரின் வழங்குநர், அவருக்கும் வழங்குநர் என அடி வரை தகவல் திரட்டும் தரவுதளம் உருவானது. மாற்று எளிதில் கிடைக்காத குறைக்கடத்திச் சில்லுகளுக்கு இரண்டு முதல் ஆறு திங்களுக்கான இருப்பை வழங்குநர்களே வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இருப்பு தீது என்று உலகுக்குக் கற்பித்த நிறுவனம், குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு மட்டும் இருப்பு வேண்டும் என்று தன் மறையையே திருத்தி எழுதிக்கொண்டது. 2021 தொடக்கத்தில் சில்லுப் பஞ்சம் மற்ற மகிழுந்து நிறுவனங்களை முடக்கியபோது, பல திங்கள் டொயோட்டா பெரிதும் பாதிப்பின்றி ஓடியது. அவ்வாண்டு செப்டம்பரில் அதுவும் உலக ஆக்கத்தை 40 விழுக்காடு குறைக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேம்பாடு காலத்தை வாங்கித் தந்தது. முழுக் காப்பு தரவில்லை.

இதுவரை படித்தவர், குறையே இல்லாத நிறுவனம் ஒன்றைப் போற்றிப் பாடுகிறேன் என எண்ணலாம். 2009–10 ஆண்டுகளைப் பார்ப்போம்.

2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், உலகப் பொருளாதாரச் சரிவில் டொயோட்டா பல பத்தாண்டுகளில் காணாத இழப்பைக் கண்டது. சூனில் அக்கியோ தொயோதா தலைமையேற்றார். ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டொயோட்டா குழுமத்தின் லெக்சஸ் மகிழுந்து ஒன்று கட்டுக்கடங்காமல் விரைந்து மோதி நால்வர் மாண்டனர். தரைவிரிப்பு முடுக்கு மிதியில் சிக்கிக்கொள்வது ஒரு காரணம் என்று தெரிந்தது. மிதியே தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் வேறொரு பழுதும் இருந்தது. இந்த இரண்டாவதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஐரோப்பாவில் அது முன்பே தெரிந்திருந்தது; 2009லேயே அங்குத் திருத்தம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது 2010 சனவரியில். தகடு விழுந்திருந்தது, சட்டம் வேறு கண்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அக்கியோ அமர்ந்தார். நிறுவனம் தன் ஆட்களை வளர்க்கும் விரைவைவிட அதிக விரைவில் பெருத்துவிட்டது, முன்னுரிமைகள் குழம்பிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறே காரணம் என்ற பரவலான ஐயத்தை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் அதற்குச் சான்று காணவில்லை என்று 2011இல் அறிவித்தனர். ஆயினும் பழுதை மறைத்துப் பேசிய குற்றத்துக்காக 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. அந்தப் பிப்ரவரி 24ஐ மறுதொடக்க நாளாக அந்நிறுவனம் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறது. வெற்றி நாளை எவரும் கொண்டாடுவர். தலைகுனிந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது அரிது.

பழுதுச் செய்தி மேலே ஏறுவதும் ஏறாததும் எதைப் பொறுத்தது? டொயோட்டாவின் பொருத்து வரிசையில் தொழிலாளியின் தலைக்கு மேலே கயிறு ஒன்று ஓடும். குறை கண்டால் எவரும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார், குறித்த இடத்துக்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும். கயிறு கட்டுவது எளிது. இழுத்தவரைக் குழுத்தலைவர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதே கேள்வி. ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது. அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். அங்கிருந்தவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை. அஞ்சாமல் சொன்னார்கள். மற்றப் பிரிவுகளின் தூய்மையான ஏடுகள் அச்சத்தால் எழுதப்பட்டவை.

டொயோட்டாவின் முழு உடைமையான தாய்ஹாட்சு நிறுவனத்தின் ஏடுகளும் அப்படித்தான் தூய்மையாக இருந்தன. 2023 டிசம்பரில் தனிக்குழு அளித்த அறிக்கை 64 வகை ஊர்திகளின் ஒப்புதல் சோதனைகளில் 174 முறைகேடுகளைப் பட்டியலிட்டது; அவற்றுள் மிகப் பழையது 1989ஆம் ஆண்டினது. ஒரு சோதனையில், மோதலை உணர்ந்து விரிய வேண்டிய காற்றுப்பையை நேரங்காட்டி வைத்து விரியச் செய்திருந்தார்கள். உணரியை நம்பிச் சோதித்து அது தவறிவிட்டால் மறுசோதனைக்குக் காலம் இல்லை. தள்ளிப்போட முடியாத இறுக்கமான கால அட்டவணை, ஒரே முறையில் தேறியாக வேண்டும் என்னும் நெருக்குதல் ஆகியவையே முதன்மைக் காரணங்கள் என்றது குழு. ஓயாத மேம்பாட்டைப் போற்றிய குழுமத்திலேயே, ஓட்டம் குறையாத விரைவைப் போற்றியவர்கள் நிறுத்தும் தகட்டைக் கழற்றிவிட்டார்கள். டிசம்பர் இறுதியில் தாய்ஹாட்சுவின் உள்நாட்டுத் தொழிலகங்கள் அனைத்தும் நின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998இல் டெமிங் விருது பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. டிவிஎஸ் மோட்டார் 2002இல் அவ்விருதைப் பெற்றது. ஆகவே கட்டுப்பாட்டு வரைபடமும் ஐந்து ‘ஏன்’களும் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதியவை அல்ல. சுவரில் அவை ஒட்டப்பட்டிருக்கும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் வரைபடத்தின் கடைசிப் புள்ளி ஓராண்டுக்கு முந்தையதாக இருக்கும்.

நாளை உங்கள் பணியிடத்துக்குப் போனதும், அங்குக் கடைசியாகப் பழுது கண்டு வேலையை நிறுத்தியவர் யார் என்று விசாரியுங்கள். பெயர் கிடைத்தால், நிறுத்திய அடுத்த ஒரு மணி நேரத்தில் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அவரிடமே கேளுங்கள்.